மினி கோல்ஃப் ஆடுங்கள், நகையை அடகு வைக்காதீர்கள்

கேள்வி: எனக்கு 20 வயது. பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பொழுதுபோக்குப் பூங்காவில் மினி கோல்ஃப் ஆடிப் பழகினேன், சின்னப் பாதையில் பந்தை மட்டையால் உருட்டிக் குழியில் விழவைக்கும் ஆட்டம். நண்பர்களில் எப்போதும் நான்தான் குறைந்த அடியில் முடிப்பேன். ஒருவர் ‘மாநில செலக்‌ஷன்’ என்று 12,000 ரூபாய் கேட்கிறார். அடுத்து வெளிநாட்டில் ஓப்பன் போட்டி, அதற்கு 90,000. மட்டையும் பந்தும் சேர்ந்த கிட் 28,000. சர்வதேசச் சான்றிதழ் வந்துவிட்டால் விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை உறுதியாம். வயதைக் கொஞ்சம் ‘சரிசெய்தால்’ இளையோர் பிரிவிலேயே ஆடலாம் என்கிறார். அம்மாவின் நகையை அடகு வைக்க அப்பா தயார். பணம் கட்டலாமா?
- திருப்பூர் வாசகர்

பதில்: கட்ட வேண்டாம், தம்பி. ஆட்டத்தை விட வேண்டாம். அந்த ஆளை விடுங்கள்.

கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்த காலத்தில் இந்தப் பேச்சைப் பல குரல்களில் கேட்டிருக்கிறேன். விளையாட்டின் பெயர் மட்டும்தான் மாறும். ஒரு மாணவன் பளபளவென்று லேமினேட் செய்த மூன்று சான்றிதழ்களோடு வந்தான். மூன்றிலும் ‘நேஷனல்’ என்ற சொல் தங்க எழுத்தில் இருந்தது. வீட்டில் ஒரு பசுமாட்டை விற்றிருந்தார்கள். நேர்காணலில் அந்தக் காகிதங்களை யாரும் கையில்கூட வாங்கவில்லை.

வேலை விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். மத்திய அரசு விளையாட்டு வீரர்களை வேலைக்கு எடுக்க ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. 43 விளையாட்டுகள் இருந்த அந்தப் பட்டியலை 2020-ல் 63 ஆக்கினார்கள். கயிறு இழுத்தல் உள்ளே வந்தது, டென்னிஸ் பந்து கிரிக்கெட் வந்தது, மல்லர் கம்பம் வந்தது. மினி கோல்ஃப் வரவில்லை. ரயில்வேக்குத் தனிப் பட்டியல், அது இதைவிடச் சின்னது. எந்த விளையாட்டில் எத்தனை பேர் வேண்டும் என்று ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே போடுவார்கள். அதில் இல்லாத விளையாட்டுக்கு விண்ணப்பம் அனுப்பினால் தபால் செலவுதான் மிச்சம்.

இங்கேதான் புரோக்கர் ஒரு வித்தை காட்டுவார். “பட்டியலில் கோல்ஃப் இருக்கிறதே, பாருங்கள்” என்று கைப்பேசியை நீட்டுவார். இருக்கிறது, பொய்யில்லை. ஆனால் அதே பட்டியலில் இறகுப்பந்தும் (பேட்மின்டன்) பூப்பந்தும் (பால் பேட்மின்டன்) தனித்தனியாக இருக்கின்றன. டென்னிஸுக்கு ஓர் இடம், வளையப்பந்துக்கு (டென்னிகாய்ட்) ஓர் இடம். பெயர் ஒட்டியிருந்தால் போதும் என்றால் பூப்பந்துக்குத் தனி வரி எதற்கு? கோல்ஃப் வேறு, மினி கோல்ஃப் வேறு. விதிகள் வேறு, நடத்தும் சம்மேளனமும் வேறு.

சான்றிதழுக்கும் படிவம் உண்டு. நாட்டுக்காக ஆடினால் முதல் படிவம், அதில் தேசியச் சம்மேளனத்தின் செயலாளர் கையெழுத்திட வேண்டும். மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடினால் இரண்டாவது. பல்கலைக்கழக அணிக்கு மூன்றாவது, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்கு நான்காவது. ‘ஓப்பன்’ போட்டி என்றால் கட்டணம் கட்டிய எவரும் ஆடலாம் என்று பொருள். முதுகில் ‘இந்தியா’ என்று அச்சடித்த டிராக் சூட் போட்டுக்கொண்டு போனாலும் அது நாட்டின் சார்பில் ஆடியதாகாது. அது உங்கள் செலவில் நீங்கள் போன சுற்றுலா. பட்டாயாவில் படகு சவாரியும் சேர்த்துத்தான் அந்த 90,000 என்றால் கணக்கு சரியாகவே வரும்!

இந்தப் பட்டியலையும் படிவங்களையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினால் பாதி புரோக்கர்கள் வேறு தொழில் பார்க்கப் போய்விடுவார்கள். எத்தனையோ கூட்டங்களில் சொல்லிவிட்டேன். ‘பரிசீலிக்கப்படும்’ என்று குறிப்பெழுதிக்கொள்வார்கள். நான் ஓய்வும் பெற்றுவிட்டேன், இன்னும் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்து வயது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் மாட்டினால் காவல் நிலையம் வரை போகும். உலக மினி கோல்ஃப் விளையாட்டுச் சம்மேளனத்தின் போட்டிகளில் இளையோர் பிரிவு 19 வயது வரை. அதை நாள் பார்த்துக் கணக்கிடுவதில்லை, ஆண்டு பார்த்துக் கணக்கிடுகிறார்கள். எந்த ஆண்டில் உங்களுக்கு 19 நிறைகிறதோ, அந்த ஆண்டின் டிசம்பர் 31 வரை நீங்கள் இளையோர். ஜனவரி 2-ல் பிறந்தவருக்கும் டிசம்பர் 30-ல் பிறந்தவருக்கும் ஒரே கணக்குதான். நம் ஊரில் பள்ளியில் சேர்க்கும்போது அக்டோபர் பிள்ளையை ஜூன் பிள்ளையாக்கிவிடுவார்கள். அப்படி உங்களுக்கு நடந்திருந்தாலும், ஆண்டு மாறாதவரை இந்த விளையாட்டில் ஒரு மாற்றமும் கிடையாது. பள்ளியில் சேர்ப்பதற்காக ஆண்டையே முன்னுக்குத் தள்ளியிருந்தால்? அப்போதும் பாஸ்போர்ட்டில் இருக்கும் ஆண்டுதான் பேசும். நீங்கள் 20-ஐத் தொட்டுவிட்டீர்கள், பொதுப் பிரிவில் ஆடுங்கள். 45 வயதில் மூத்தோர் பிரிவு வரும்வரை உங்களுக்கு அதுதான். வயதைத் திருத்துகிறேன் என்பவர் திருத்தப்போவது பிறப்புச் சான்றிதழை. அந்தக் குற்றத்தில் கையெழுத்து உங்களுடையதாக இருக்கும், அவருடையதாக இருக்காது.

சரி, போட்டியில் ஆட ஆசை, அதற்கு என்ன வழி? உலகச் சம்மேளனத்தின் இணையதளத்தில் உறுப்பு நாடுகளின் பட்டியல் இருக்கிறது. இந்தியாவுக்கு எந்த அமைப்பு என்று அங்கே பார்த்து, அவர்களுக்கே எழுதுங்கள். உங்கள் ‘செலக்‌ஷன்’ ஆளின் பெயரைச் சொல்லி, இவர் உங்கள் ஆள்தானா என்று கேளுங்கள். நுழைவுக் கட்டணம் கேட்பது தவறில்லை, எந்தப் போட்டியிலும் உண்டு. ரசீதில் சங்கத்தின் பெயர் இருக்க வேண்டும், பணம் தனிநபரின் ஜிபேவுக்குப் போகக் கூடாது.

பூங்காவில் நீங்கள் ஆடியது காற்றாலையும் யானைத் தும்பிக்கையும் வைத்த கேளிக்கைத் தளமாக இருக்கும். ஐரோப்பியப் போட்டித் தளங்கள் அளவெடுத்துக் கட்டியவை. 1954-ல் சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் பால் போங்னி என்பவர் அமைத்த கான்கிரீட் தளத்தின் வழிவந்த பாதைகள் 12 மீட்டர் நீளம், 1.25 மீட்டர் அகலம். எட்டர்னிட் என்ற சிமென்ட் தகட்டில் செய்த பாதைகள் 6.25 மீட்டர் நீளம்தான். அவற்றின்மேல் கால் வைக்கக் கூடாது. மொத்தம் 18 பாதைகள். ஒரு பாதையில் ஆறு அடிக்குள் குழியில் விழாவிட்டால் ஏழு என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அங்கே நல்ல ஆட்டக்காரரின் குறி ஒவ்வொரு பாதையிலும் ஒரே அடி. நண்பர்களை ஜெயிப்பதும் இதுவும் ஒன்றல்ல என்பதை மனதில் வையுங்கள்.

கிட் வாங்க வேண்டாம். கோல்ஃபில் உருட்டி அடிக்கும் மட்டை, அதாவது பட்டர், பழையது ஒன்று போதும். பந்துதான் இந்த விளையாட்டின் உயிர். விட்டம் 37 முதல் 43 மில்லிமீட்டருக்குள் இருக்கலாம். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 85 சென்டிமீட்டருக்கு மேல் எம்பக் கூடாது. இந்த எல்லைக்குள் கடினம், மென்மை, எடை, மேற்பூச்சு என்று நூற்றுக்கணக்கான வகைகள். வெயிலில் சூடான பந்து கூடுதலாக எம்பும், குளிர்ந்தது சோம்பும். தேர்ந்தவர்கள் பாதைக்கு ஒரு பந்து என்று பை நிறையச் சுமப்பார்கள். உங்களுக்கு இப்போது இரண்டு போதும், நன்றாக எம்புவது ஒன்று, எம்பாதது ஒன்று. ஒரே பாதையில், ஒரே இடத்திலிருந்து, பக்கச் சுவரில் ஒரே புள்ளியைக் குறிவைத்து முப்பது முறை அடியுங்கள். எத்தனை முறை பந்து அந்தப் புள்ளியில் பட்டது என்று நோட்டில் எழுதுங்கள். குழியில் விழுந்ததை எண்ண வேண்டாம். மூன்று மாதம் எழுதிய பிறகு நோட்டை எனக்கு அனுப்புங்கள், எந்தப் போட்டி என்று அப்போது பேசலாம்.

அதுவரை அந்த ஆள் போன் செய்தால், மினி கோல்ஃப் பெயர் இருக்கும் அரசாணை நகல் ஒன்றை அனுப்பச் சொல்லுங்கள். நகல் வரும்வரை நகை பீரோவிலேயே இருக்கட்டும்.