டேட்டிங் ஆப்ல பழகினவர் ட்ரேடிங்ல பணம் போடச் சொல்றாரு, நம்பலாமா?

வேணாங்க, ஒரு ரூபா கூட போடாதீங்க. என் ஃப்ரெண்டுக்கும் இதே கதைதான், மேட்ச் ஆன ரெண்டாவது நாளே வாட்ஸப்புக்கு வரச்சொல்லி, தினமும் சாப்டியான்னு கேட்டு, மூணாவது வாரம் அந்தாளு ஒரு லிங்க் அனுப்ப, இவ 5,000 போட்டா, 6,200 ஆயிடுச்சுன்னு காட்டுச்சு, அதுல 1,000 எடுக்கவும் முடிஞ்சுது, அந்த ஆயிரம்தான் தூண்டில். நம்பி 2 லட்சம் போட்டதும், வரி கட்டினாதான் எடுக்கலாம்னுட்டாங்க. பாவம், இன்னைக்கும் அதை நினைச்சு அழுவா.

டிண்டர், பம்பிள்ல இருக்குற ப்ளூ டிக், பெரும்பாலும் செல்ஃபியும் ப்ரொஃபைல் போட்டோவும் ஒத்துப்போகுதுன்னுதான் சொல்லும், அவர் வேலையோ குணமோ அதுல தெரியாது. அது வேற யாரோட போட்டோவான்னு கூகுள் லென்ஸ்ல போட்டுத் தேடிப் பாருங்க, வீடியோ கால் கேளுங்க, கேமரா ரிப்பேர்னு இழுத்தா அங்கயே விட்டுடுங்க. யாரையாவது நேர்ல பார்க்குறதா இருந்தா கூட்டமான காபி ஷாப், போக வர உங்க வண்டி, வீட்ல யாருக்காவது லைவ் லொகேஷன்.

ஏற்கனவே பணம் அனுப்பிட்டீங்கன்னா வெட்கப்படாம உடனே சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிடுங்க, லேட் ஆக ஆக பணம் கை மாறிடும். ப்ளாக் பண்றதுக்கு முன்னாடி சாட், யுபிஐ ட்ரான்ஸாக்ஷன் நம்பர் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க.