காவேரிப்பட்டணம் என்றொரு தொகுதி

அன்புள்ள ஐயா,

வணக்கம். காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நூலக வாசகர் வட்டத்தில், இந்தப் பகுதி சட்டமன்ற உறுப்பினர்களைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதுவதென்று முடிவாகி, என் பங்குக்கு அ.தி.மு.க.வின் கே.பி. முனுசாமி வந்தார். ஆண்டு, தொகுதி, முடிவு என்று அட்டவணை போட்டுப் பார்த்தேன். காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி, பென்னாகரம், வேப்பனஹள்ளி என்று நாலு சட்டமன்றத் தொகுதிகள். நடுவில் மக்களவை, மாநிலங்களவை வேறு. பக்கத்துப் பாலக்கோட்டில் அதே கட்சியின் கே.பி. அன்பழகன் 2001 முதல் 2021 வரை ஐந்து தேர்தல்களிலும் ஒரே தொகுதியில் ஜெயித்திருக்கிறார். அதனால் 'பாதுகாப்பான தொகுதி தேடி அலைந்தவர்' என்று கட்டுரையைத் தொடங்கினேன். வட்டத்தில் சண்டையாகிவிட்டது. பர்கூரில் முதலமைச்சரையே தோற்கடித்த சுகவனத்தைப் பற்றி எழுதும் நண்பர், 'தேர்தல் வரலாறு என்றால் என் ஆளுடையதுதான்' என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ர.

அன்புள்ள ர.,

அந்த முதல் வரியை அடித்துவிடுங்கள். கட்சிக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள் என்பதற்காகச் சொல்லவில்லை. நீங்கள் போட்ட அட்டவணையே அதற்கு ஒத்துவரவில்லை.

உங்கள் ஊரிலிருந்தே ஆரம்பிப்போம். காவேரிப்பட்டணம் என்ற பெயரில் இப்போது சட்டமன்றத் தொகுதி கிடையாது. 2008 தொகுதி மறுசீரமைப்பில் அது போய்விட்டது; அதன் ஊர்களைப் பக்கத்துத் தொகுதிகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். தர்மபுரி பக்கம் மொரப்பூருக்கும் இதே கதிதான். வேப்பனஹள்ளி, பாப்பிரெட்டிப்பட்டி என்று புதுப் பெயர்கள் வந்தன. 2011-இல்தான் புது எல்லைகளோடு முதல் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. சில வருடங்களுக்கு முன் உங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உரிந்த இடத்தில் பழைய எழுத்து தெரிந்தது: பாதி இரட்டை இலை, அதன் கீழே 'காவேரிப்பட்டணம் சட்டமன்றத் தொகுதி' வரை. வேட்பாளர் பெயர் இருந்த இடத்தில் யாரோ ஜன்னல் வைத்திருந்தார்கள். அந்த வீட்டுப் பையனிடம் கேட்டேன். "நம்ம தொகுதி கிருஷ்ணகிரிதானே சார்?" என்றான். அவன் ஓட்டுப் போடத் தொடங்கியபோதே காவேரிப்பட்டணம் பட்டியலில் இல்லை.

முனுசாமி காவேரிப்பட்டணத்தில் ஜெயித்தது 1991-லும் 2001-லும். அந்தத் தொகுதியே இல்லாமல் போனபின் 2011-இல் கிருஷ்ணகிரியில் நின்று ஜெயித்து அமைச்சரும் ஆனார். இதைத் தொகுதி மாறினார் என்று எப்படி எழுதுவது? தொகுதிதான் அவர் காலடியிலிருந்து நகர்ந்தது. அன்பழகனின் பாலக்கோடு மறுசீரமைப்பிலும் பெயர் மாறாமல் நின்றது. இருவரையும் ஒரே அட்டவணையில் வைத்து 'அவர் நிலையாக நின்றார், இவர் அலைந்தார்' என்பது நியாயமில்லை. அதற்காக அன்பழகனின் ஐந்து வெற்றிகளைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஐந்தில் இரண்டு முறை, அதாவது 2006-லும் 2021-லும், மாநிலத்தில் ஆட்சி தி.மு.க.வுக்குப் போனது. பாலக்கோடு மட்டும் போகவில்லை. தனியாக எழுத வேண்டிய கதை அது. உங்கள் வட்டத்தில் யாராவது எடுத்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அடுத்தது பென்னாகரம். முனுசாமி நிஜமாகவே மாவட்டத்துக்கு வெளியே போய் நின்ற இடம் இது ஒன்றுதான். 2016-இல் கிருஷ்ணகிரியில் அ.தி.மு.க. வேறொருவரை நிறுத்தியது, இவரைப் பென்னாகரத்துக்கு அனுப்பியது. அங்கே எதிரில் யார்? பா.ம.க.வின் முதலமைச்சர் வேட்பாளராகத் தன்னை முன்னிறுத்திய அன்புமணி ராமதாஸ் ஒரு பக்கம். தி.மு.க.வின் பி.என்.பி. இன்பசேகரன் இன்னொரு பக்கம். இன்பசேகரனின் தந்தை பெரியண்ணன் அதே தொகுதியில் உறுப்பினராக இருந்து இறந்தவர். 2010 மார்ச்சில் நடந்த இடைத்தேர்தலில் மகன் ஜெயித்தார். அந்த இடைத்தேர்தலில் அ.தி.மு.க. மூன்றாவது இடத்துக்குப் போய் டெபாசிட்டையும் இழந்தது. அடுத்த வருடமே, 2011 பொதுத்தேர்தலில், அந்தத் தொகுதியைக் கூட்டணியிலிருந்த இந்திய கம்யூனிஸ்டுக்கு விட்டுக்கொடுத்தது. நஞ்சப்பன் ஜெயித்தார்.

இப்படிப்பட்ட தொகுதிக்குப் போவதைப் பாதுகாப்பு தேடுவது என்று யாராவது சொல்வார்களா? 2016-இல் இன்பசேகரன் முதலிடம், அன்புமணி இரண்டாமிடம், முனுசாமி மூன்றாமிடம். ஆனால் அவர் ஐம்பதாயிரத்துக்கும் மேல் ஓட்டு வாங்கினார். ஆறு வருடம் முன்பு டெபாசிட் போன இடத்தில் இது சாதாரணமில்லை. உங்கள் அட்டவணையில் இது 'தோல்வி' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடும். என்னைக் கேட்டால் அவருடைய பட்டியலில் நின்று பார்க்க வேண்டிய வரி இதுதான்.

சரி, கூட்டணிக்கு வருவோம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஒருவரின் வெற்றி தோல்வியைப் படிக்கும்போது, அந்த வருடம் பா.ம.க. எந்தப் பக்கம் நின்றது என்று ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வன்னியர் ஓட்டு கணிசமாக உள்ள பகுதி. 2001-இல் பா.ம.க., காங்கிரஸ், த.மா.கா., இடதுசாரிகள் எல்லோரும் அ.தி.மு.க. பக்கம், முனுசாமி ஜெயித்தார். 2006-இல் பா.ம.க. தி.மு.க. அணிக்குப் போனது, காவேரிப்பட்டணம் தொகுதியும் பா.ம.க. கைக்கே போனது. 2021-இல் பா.ம.க. மறுபடி அ.தி.மு.க.வோடு. மாநிலம் முழுக்க தி.மு.க. அலை அடித்த அந்தத் தேர்தலில் தர்மபுரி மாவட்டத்தின் ஐந்து தொகுதிகளும் அ.தி.மு.க., பா.ம.க. அணிக்கே விழுந்தன. கிருஷ்ணகிரி மாவட்டம் மூன்றுக்கு மூன்று என்று பிரிந்தது. வேப்பனஹள்ளியில் முனுசாமி ஜெயித்தது சுமார் மூவாயிரம் ஓட்டில். கிருஷ்ணகிரியில் அ.தி.மு.க.வின் அசோக்குமார் ஜெயித்தது வெறும் 794 ஓட்டில்.

ஆனால் இந்தக் கணக்கையே சாவியாக வைத்து எல்லாப் பூட்டையும் திறக்கப் பார்க்காதீர்கள். 2011-இல் பா.ம.க. எதிரணியில் இருந்தும் முனுசாமி ஜெயித்தார். 2019 மக்களவைத் தேர்தலில் பா.ம.க. கூடவே இருந்தும் கிருஷ்ணகிரியில் காங்கிரஸின் செல்லக்குமாரிடம் தோற்றார். அதே நாளில் பக்கத்துத் தர்மபுரியில் இன்னும் சுவாரசியமான ஒன்று நடந்தது. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி வாக்காளர்களுக்கு அன்றைக்கு இரண்டு இயந்திரங்கள்: ஒன்று மக்களவைக்கு, இன்னொன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. இரண்டு சட்டமன்ற இடங்களும் அ.தி.மு.க.வுக்குக் கிடைத்தன. அந்த இரண்டும் அடங்கிய தர்மபுரி மக்களவைத் தொகுதியில் அன்புமணி தி.மு.க.வின் செந்தில்குமாரிடம் தோற்றார். ஜனங்கள் மாநிலத்துக்கு ஒரு கணக்கு, டெல்லிக்கு ஒரு கணக்கு என்று தெளிவாகத்தான் இருக்கிறார்கள். குழம்புவது நாம்தான்.

மக்களவை, மாநிலங்களவையை நீங்கள் 'நடுவில் வேறு' என்று தள்ளிவிட்டீர்கள். 1998-இல் முனுசாமி கிருஷ்ணகிரி எம்.பி. ஆனார். ஜெயலலிதா ஆதரவை விலக்கியதால் 1999 ஏப்ரலில் ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது, அந்த மக்களவையும் கலைந்தது. வருடம் ஒன்று சொச்சத்தில் பதவி முடிந்தது. 2020-இல் தம்பிதுரை, ஜி.கே. வாசனோடு போட்டியின்றி மாநிலங்களவைக்குப் போனார். ஆறு வருடப் பதவி. அடுத்த வருடமே வேப்பனஹள்ளியில் ஜெயித்ததும் ராஜினாமா செய்தார். ஒருவர் இரண்டு அவைகளில் இருக்க முடியாது. கட்சி 66 இடங்களோடு எதிர்க்கட்சியாக இருந்த நேரத்தில் ஒரு சட்டமன்ற இடத்தை இடைத்தேர்தலுக்கு விட அதற்கு மனமில்லை. ஒரத்தநாட்டில் ஜெயித்த வைத்திலிங்கமும் அப்படியே விலகினார். காலியான அந்த இரண்டு மாநிலங்களவை இடங்களும் சில மாதங்களில் தி.மு.க.வுக்குப் போட்டியின்றிப் போயின. இவர் தேடிப்போனது பாதுகாப்பைத்தான் என்றால், டெல்லியில் இன்னும் ஐந்து வருடம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாமே.

இனி உங்கள் நண்பரின் சுகவனம். 1991-இல் ஜெயலலிதா பர்கூர், காங்கேயம் இரண்டிலும் நின்று இரண்டிலும் ஜெயித்து, பர்கூரை வைத்துக்கொண்டார். ஐந்து வருடம் முதலமைச்சரின் தொகுதியாக இருந்த பர்கூர் 1996-இல் அவரையே தோற்கடித்தது. தி.மு.க.வின் சுகவனத்துக்கு 59,148, ஜெயலலிதாவுக்கு 50,782. வித்தியாசம் 8,366. ஊரே பேசும் வெற்றிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தத் தேர்தலில் அ.தி.மு.க. மாநிலம் முழுக்க ஜெயித்தது நாலே இடம். அந்த அலையில் வேறொருவர் நின்றிருந்தாலும் பர்கூர் போயிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 2004-இல் அவர் கிருஷ்ணகிரி எம்.பி. ஆனதும் அப்படித்தான், தமிழகமும் புதுச்சேரியும் சேர்த்து நாற்பதும் தி.மு.க. அணிக்குப் போன வருடம் அது. நான் மதிப்பது அவருடைய 2009 வெற்றியை. பா.ம.க. அப்போது அ.தி.மு.க. அணியில் இருந்தது. அந்தப் பக்கத்துப் பலம் முழுக்க எதிரில் நின்றும் கிருஷ்ணகிரியை மறுபடி பிடித்தார். முதலமைச்சரைத் தோற்கடித்ததை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். இதை யாரும் பேசுவதில்லை. உங்கள் நண்பரின் கட்டுரை இதில் தொடங்கினால் நன்றாக இருக்கும்.

பர்கூரிலேயே அட்டவணை மறைக்கும் இன்னொரு வரி இருக்கிறது. 2001, 2006 இரண்டிலும் அங்கே தம்பிதுரை ஜெயித்தார். 2009-இல் அவர் கரூர் எம்.பி. ஆனதும் இடைத்தேர்தல் வந்தது, தி.மு.க.வின் நரசிம்மன் ஜெயித்தார். வெறும் அட்டவணையைப் பார்ப்பவர் பர்கூர் கட்சி மாறிவிட்டது என்று நினைப்பார். அந்த இடைத்தேர்தலை அ.தி.மு.க. புறக்கணித்தது, வேட்பாளரையே நிறுத்தவில்லை. 2011-இல் தொகுதி மறுபடி அ.தி.மு.க.விடம் வந்தது.

தளியின் ராமச்சந்திரன் முனுசாமிக்கு நேர் எதிர். தொகுதி மாறவில்லை, கட்சிக் கட்டம் மாறியது: 2006-இல் சுயேச்சை, 2011-இல் இந்திய கம்யூனிஸ்ட். 2016-இல் தி.மு.க.வின் பிரகாஷிடம் தோற்றார். 2021-இல் அதே தி.மு.க. கூட்டணியில் நின்று திரும்ப ஜெயித்தார். தளி தோழமைக் கட்சிக்குப் போனதால் பிரகாஷ் ஓசூருக்குப் போய் அங்கே ஜெயித்தார். அவரைத் 'தொகுதி தேடி அலைந்தவர்' என்பீர்களா? இடப் பங்கீட்டு மேசையில் முடிவானதற்கு வேட்பாளர் என்ன செய்வார்?

ஆக, உங்கள் அட்டவணையில் இன்னும் இரண்டு கட்டங்கள் சேருங்கள். கூட்டணியில் யார் யார் என்று ஒன்று. அந்தத் தொகுதி அப்போது எந்த எல்லையோடு இருந்தது என்று இன்னொன்று. மொத்த ஓட்டோடு நிற்காமல், சாவடிவாரியாக ஓட்டுக் கணக்கு இருக்கும் படிவம் 20-ஐயும் பாருங்கள். தேர்தல் ஆணையத்தின் மாநில இணையதளத்தில் தொகுதிவாரியாகக் கிடைக்கும். முதல் கட்டத்தில் வாக்குச்சாவடி எண், அப்புறம் ஒவ்வொரு வேட்பாளரும் அந்தச் சாவடியில் வாங்கிய ஓட்டு, கடைசிக் கட்டங்களில் ஒன்றில் நோட்டா. பார்க்கச் சலிப்பாகத்தான் இருக்கும், கண்ணும் வலிக்கும். ஆனால் 794 ஓட்டு வித்தியாசம் எந்தெந்தச் சாவடிகளில் உருவானது என்பது அதில்தான் இருக்கிறது. ஒரு பெரிய சாவடியின் வாக்காளர் பட்டியலைவிடச் சின்ன எண் அது.

முனுசாமி நல்ல எம்.எல்.ஏ.வா என்ற கேள்விக்கு இந்தத் தாள்கள் எதிலும் பதில் இல்லை. அதற்குச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அவர் எழுப்பிய கேள்விகளையும், தொகுதி மேம்பாட்டு நிதி எந்த ஊருக்கு என்ன வேலையாகப் போனது என்பதையும் தேட வேண்டும். அது இன்னொரு கட்டுரை. இதை முடித்துவிட்டு அதை ஆரம்பியுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் வட்டத்தில் மறுபடி சண்டைதான் வரும்.

அன்புடன்.