அக்னி நட்சத்திரமும் அவசரப் பிரிவும்: மருத்துவர் கேள்வி பதில்

டாக்டர், மே மாசம் எந்த வயசுக்காரங்க எதுக்கு வர்றாங்க?
கைக்குழந்தைன்னா வயிற்றுப்போக்கு. லீவு விட்ட பிள்ளைங்கன்னா கிணறு, குளம். நடுவயசுல சிறுநீரகக் கல்லு, வெயில்ல வேலை பார்க்கிறவங்களுக்கு மயக்கம். 60 தாண்டினவங்க வெளியே போகாமலே வருவாங்க: ஆஸ்பெஸ்டாஸ் கூரை, தாகமே தெரியாத வயசு.

ஒன்றரை வயசுப் பையன், காலையிலிருந்து ஆறு தடவை போயிட்டான். ஓஆர்எஸ் பாக்கெட்டை டம்ளர் டம்ளரா கலக்கலாமா?
கூடாது. 20.5 கிராம் பாக்கெட் முழுசையும் காய்ச்சி ஆறின 1 லிட்டர் தண்ணியில ஒரே தடவையா கொட்டணும். டம்ளர்ல கண்ணளவா போட்டா உப்பு கூடும், ரத்தத்துல சோடியம் ஏறி வலிப்பு வரைக்கும் போகும். ஒவ்வொரு தடவை போனதும் 50-100 மில்லி, ஸ்பூன்ல. வாந்தி எடுத்தா 10 நிமிஷம் நிறுத்திட்டு, இன்னும் மெதுவா. மிச்சத்தை 24 மணி நேரத்துல கொட்டிடுங்க. ஜிங்க் 20 மி.கி. தினமும், 14 நாள். கண்ணு குழி விழுந்தாலோ, 6 மணி நேரம் ஒண்ணுக்குப் போகலைன்னாலோ, மலத்துல ரத்தம் இருந்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க.

டெட்ரா பாக் 'ஓஆர்எஸ்' ஜூஸைத்தான் குடிக்கிறான், சார்.
இனிப்பு, குடிக்கத்தான் செய்வான். அந்தச் சர்க்கரை குடலுக்குள்ள தண்ணியை இழுத்து போக்கைக் கூட்டும்.

மருந்துக்கடையிலதானே விக்கிறாங்க?
சோப்பும் அங்கதான் விக்குது. ஃபார்முலாவுக்குப் பொருந்தாத பானத்துல 'ஓஆர்எஸ்'னு பேர் போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபர்ல உத்தரவே போட்டுச்சு. அட்டையில 'உலக சுகாதார நிறுவன ஃபார்முலா'ன்னு இருக்கான்னு பாருங்க.

அப்போ இளநீர்?
பொட்டாசியம் உண்டு, சோடியம் போதாது. தாகத்துக்குச் சரி, பேதிக்கு ஓஆர்எஸ்தான்.

பாக்கெட்டை ரெண்டு டம்ளர்ல கலக்கலாமா?
மேலே படிங்க. ஒரு பாக்கெட், ஒரு லிட்டர்.

தாத்தாவுக்கு உடம்பு கொதிக்குது, உளறுறார். பாராசிட்டமால் கொடுக்கட்டுமா?
வேண்டாம், இது வெயில் தாக்கின ஹீட் ஸ்ட்ரோக், சாதாரணக் காய்ச்சல் இல்ல; அந்த மாத்திரைக்குக் கேட்காது. 108-ஐக் கூப்பிட்டுட்டு, வண்டி வர்ற வரைக்கும் குளிர வைங்க. சட்டையைக் கழட்டி, உடம்பெல்லாம் தண்ணி ஊத்தி, ஃபேனை நேரா வைங்க. அக்குள், கழுத்து, தொடை இடுக்குல துணி சுத்தின ஐஸ். நினைவு தடுமாறும்போது வாயில ஒரு சொட்டுகூட ஊத்தாதீங்க, நுரையீரலுக்குப் போயிடும். வியர்க்குதே, ஒண்ணும் இருக்காதுன்னும் நம்பாதீங்க.

வேர்க்குரு?
பருத்திச் சட்டை, குளியல். பவுடர் அப்பாதீங்க.

கிணத்துல விழுந்த பிள்ளையைத் தலைகீழாப் பிடிக்கணும்ங்கிறாங்களே?
பிடிக்காதீங்க, தட்டாமாலையும் சுத்தாதீங்க. மூச்சில்லைன்னா முதல்ல வாயோட வாய் வச்சு மூச்சு ஊதி, அப்புறம் நெஞ்சை அழுத்தணும்.

அப்பாவுக்கு 70. பிரஷருக்கு நீர் மாத்திரை போடுறார். வெயில் முடியிற வரைக்கும் நிறுத்தலாமா?
நீங்களா நிறுத்தாதீங்க. படுத்திருக்கும்போது ஒரு தடவை, எழுந்து நின்னு 3 நிமிஷம் கழிச்சு ஒரு தடவை பிரஷர் எடுங்க. மேல் அளவு 20 குறைஞ்சாலோ, வாந்தி பேதி வந்தாலோ, மாத்திரை எழுதின டாக்டருக்கு அன்னைக்கே போன் போடுங்க.