இருபது மாதப் பிள்ளைக்கு வாசிக்கப் பழக்கலாமா?

அன்புள்ள தங்கைக்கு,

லெஸ்டருக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது என்றும், மகளுக்கு இருபது மாதம் நிரம்பிவிட்டது என்றும், பக்கத்து வீட்டுத் தோழி தன் பிள்ளைக்குச் சொல் அட்டைகளைக் காட்டி வாசிக்கப் பழக்குவதைப் பார்த்ததில் இருந்து மனம் அமைதியாக இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அந்த அட்டைகளை வாங்கி இப்போதே தொடங்குவதா, பள்ளியில் பின்தங்காமல் இருப்பதற்காக வீட்டில் தமிழை விட்டு ஆங்கிலத்தில் பேசுவதா என்று கேட்டிருந்தீர்கள். நான் ஆசிரியை அல்ல. பத்தொன்பது ஆண்டுகளாக இங்கிலாந்தில் இருந்து இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள், அவ்வளவுதான். அந்த அளவில் சொல்கிறேன்: இரண்டும் வேண்டாம். ஆனால் வீட்டில் செய்ய வேண்டிய வேலை வேறு இருக்கிறது.

அட்டை வேண்டாம் என்பதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மூத்தவளுக்கு இரண்டு வயதானபோது ஒரு பெட்டி நிறைய அட்டைகளை வாங்கி, காலையும் மாலையும் விடாமல் காட்டினேன். மூன்றரை வயதில் அறுபது சொற்களுக்கு மேல் பார்த்தவுடன் சொன்னாள். யாழ்ப்பாணத்தில் இருந்து அம்மம்மா தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் அவளை நிறுத்தி வைத்துச் சொல்லச் சொல்லிப் பெருமைப்பட்டேன். நான்கு வயதில் பள்ளி தொடங்கும் ரிசெப்ஷன் வகுப்பில் சேர்ந்து நான்கு மாதத்தில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, பிள்ளை எழுத்துகளைப் பார்ப்பதில்லை, முதல் எழுத்தையும் சொல்லின் நீளத்தையும் பார்த்து ஊகிக்கிறாள் என்றார். ‘ஹவுஸ்’ என்று எழுதியிருந்த இடத்தில் அவள் ‘ஹோர்ஸ்’ என்று தயங்காமல் வாசித்தாள். ஆங்கிலத்தில் அந்த இரண்டு சொற்களுக்கும் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. சொல்லைப் படம்போல மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அந்த ஓர் எழுத்து கண்ணில் படுவதே இல்லை.

இது அடுத்த ஆண்டு இன்னும் வெளிப்படையாகத் தெரிந்தது. 2012 முதல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்தில் ஃபோனிக்ஸ் சோதனை, அதாவது எழுத்தை ஒலியாக்கி வாசிக்கும் சோதனை ஒன்று நடக்கிறது. பிள்ளை ஆசிரியருக்கு முன்னால் இருந்து 40 சொற்களை வாசிக்க வேண்டும். அவற்றில் 20 சொற்களுக்குப் பொருளே கிடையாது. அவை பொய்ச்சொற்கள் என்று பிள்ளைக்குத் தெரிவதற்காக ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு கற்பனைப் பிராணியின் படம் இருக்கும். மனப்பாடம் அங்கே உதவாது, எழுத்தை ஒலியாக்கிச் சேர்க்கத் தெரிந்த பிள்ளைதான் வாசிக்கும். பயிற்சித் தாளில் ‘ஸ்ட்ரொம்’ என்று இருந்ததை என் மகள் ‘ஸ்டோர்ம்’ என்று திருத்தியே வாசித்துவிட்டாள். நான் ஒன்றரை ஆண்டு பழக்கியதை மறக்க அவளுக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடித்தது.

இந்த ஆசை இன்று முளைத்தது அல்ல. கைக்குழந்தைக்கு அட்டை காட்டி வாசிக்கப் பழக்கலாம் என்று அமெரிக்காவில் கிளென் டோமன் என்பவர் 1964இலேயே புத்தகம் எழுதினார். பிற்காலத்தில் அதே ஆசையை நம்பி, ஒளித்தட்டுகளும் அட்டைகளும் அடங்கிய பெட்டியை 200 டாலர் அளவில் விற்ற வணிகம் ஒன்றின் மேல், ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க வணிக ஆணையம் 2012இல் வழக்குத் தொடுத்தது. 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 117 குழந்தைகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் இத்தகைய பொருளை ஏழு மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் இரு பகுதியினருக்கும் வேறுபாடு தென்படவில்லை. தங்கள் பிள்ளை சொற்களைக் கற்றுக்கொள்கிறது என்ற பெற்றோரின் நம்பிக்கைதான் கூடியிருந்தது. அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, தொலைபேசிக்கு முன்னால் பிள்ளையை நிறுத்தி வைத்தவள் நான்தானே.

உங்கள் மகள் நான்கு வயது நிறைந்தபின் வரும் செப்டம்பரில் ரிசெப்ஷனுக்குப் போவாள். அங்கே முதலில் எழுத்தின் பெயரை அல்ல, ஒலியைத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். பெரும்பாலான பள்ளிகள் எஸ், ஏ, டி, பி, ஐ, என் (s, a, t, p, i, n) ஆகிய ஆறு எழுத்துகளில் தொடங்குகின்றன, ஏனென்றால் அந்த ஆறை வைத்தே பல சிறிய சொற்களைக் கூட்டிவிடலாம். நம்மவர்கள் உதவி செய்வதாக நினைத்துக் குழப்புவது இந்த இடத்தில்தான். நம் நாக்கு சொல்லின் கடைசியில் மெய்யைத் தனியே நிற்க விடாமல் ஓர் உகரத்தை ஒட்டிவிடும். கப் என்பதைக் கப்பு என்போம், புக் என்பதைப் புக்கு என்போம். அந்தப் பழக்கத்தோடு ‘பு, இ, னு’ என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளை அதைச் சேர்த்துப் ‘புயினு’ என்றுதான் சொல்லும். ‘பின்’ என்ற சொல் அதற்குள் இருந்து ஒருநாளும் வராது. பள்ளியில் கேட்பது ப், இ, ன் என்ற மூன்று ஒலிகளை மட்டும். இதை ஆங்கிலேயப் பெற்றோருக்கு விளக்க ஆசிரியர்கள் கூட்டம் கூட்டிப் பாடுபடுகிறார்கள். நமக்கோ புள்ளி வைத்த மெய்யும், அதனோடு உயிர் சேர்ந்தால் உயிர்மெய் என்பதும் அரிவரி வகுப்பிலேயே கிடைத்துவிட்டன. அந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் அதுவும் அவளுக்கு நான்கு வயதானபின் வரும் வேலை.

இப்போதைய வேலை பேச்சு. எழுத்தை ஒலியாக்கிக் கூட்டி முடித்தவுடன், அந்தச் சொல் முன்பே காதில் விழுந்த சொல்லாக இருந்தால்தான் பிள்ளைக்கு அது விளங்கும். உங்களுக்கு எந்த மொழியில் கோபமும் கொஞ்சலும் கதையும் தடையில்லாமல் வருகின்றனவோ அந்த மொழியில்தான் பிள்ளைக்குச் சொல் சேரும். சமைக்கும்போது வெங்காயத்தின் தோலை அவள் கையில் கொடுத்து, இது காய்ந்திருக்கிறது, இது உரிகிறது, இது கண்ணை எரிக்கிறது என்று பேசிக்கொண்டே இருங்கள். ‘ஆனியன்’ என்ற சொல்லை நேசரியில் ஒரே நாளில் பிடித்துக்கொள்வாள். மூன்று வயது நிறைந்தபின் தொடங்கும் பள்ளிப் பருவத்தில் இருந்து வாரத்துக்கு 15 மணிநேரம் நேசரி இலவசம், ஆங்கிலம் அங்கே தானாக வரும். வீட்டு மொழியை விடச் சொல்லி எந்த நேசரியும் உங்களை வற்புறுத்த முடியாது. வேறு மொழி பேசும் வீட்டுப் பிள்ளை தன் மொழியைப் பயன்படுத்தவும் வளர்க்கவும் வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பதே இங்குள்ள முன்பள்ளிச் சட்டகத்தின் விதி.

அதோடு மடியில் இருத்திப் புத்தகம் பாருங்கள். நூலகத்தில் கைக்குழந்தைக்கும் உறுப்பினர் அட்டை கொடுப்பார்கள், கட்டணம் இல்லை. 1992இல் பர்மிங்காமில் முந்நூறு குழந்தைகளோடு தொடங்கிய புக்ஸ்டார்ட் திட்டம் குழந்தைகளுக்கு இலவசப் புத்தகப் பொதி கொடுக்கிறது. நீங்கள் வருவதற்குள் மகளுக்கு ஒரு வயது கடந்துவிட்டதால் அது தவறியிருக்கும், ஆனாலும் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலப் புத்தகம் என்று தயங்காமல் படத்தைக் காட்டித் தமிழில் கதை சொல்லுங்கள். இளையவனுக்கு நான் அட்டை வாங்கவில்லை. வாத்துப் படம் போட்ட தடித்த புத்தகம் ஒன்றையே ஏழெட்டு மாதம் பார்த்தோம். ஒருநாள் அவன் அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, நான் மூச்சு விடும் இடத்தில் தானும் மூச்சு விட்டு, நான் பக்கம் திருப்பும் இடத்தில் தானும் திருப்பி, பொம்மைக்கு வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தான். ஓர் எழுத்தும் தெரியாத அந்தப் பிள்ளைதான் பிறகு பள்ளியில் சிரமம் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினான். (மூத்தவளின் அட்டைகளை அவன் பொம்மை வீட்டுக்குக் கூரையாக வேய்ந்தான்.)

தமிழ் எழுத்து வேறு கதை. ஆங்கிலத்தைப் பள்ளி பார்த்துக்கொள்ளும், தமிழுக்கு வீடும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியும்தான் உண்டு. விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி, விரல் பிடித்து ‘அ’ எழுதி ஏடு தொடக்குங்கள். அது கொண்டாட்டம், அதோடு சில ஆண்டுகள் விட்டுவிடலாம். ஐந்தரை, ஆறு வயதில் ஆங்கில ஒலிகள் பிடிபட்ட பிறகு தொடங்குங்கள். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். ட, ப, ம என்ற மூன்றோடு புள்ளியையும் சொல்லிக்கொடுத்தால் அன்றைக்கே படம், மடம், பட்டம், மட்டம் எல்லாம் வாசிக்கலாம். பிள்ளைகள் இடறும் இடம் எகரத்தின் குறியான ஒற்றைக்கொம்பு. ‘பெ’ என்பதில் பிறகு ஒலிக்கும் உயிரின் குறி முன்னால் நிற்கிறது; இடமிருந்து வலமாக ஒலி கூட்டப் பழகிய கண்ணுக்கு அது பெரிய அநியாயம். ஏன் அப்படி என்று மகள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. கொம்பை என் சுண்டுவிரலால் மூடி, பகரத்தை முதலில் பார்க்கச் செய்து, பிறகு விரலை எடுத்தேன். ஒரு வாரத்தில் பழகிவிட்டாள்.

கடைசியாக, உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படுவது ஒன்று. மகளுக்கு இரண்டு வயது ஆனதும், இரண்டரைக்குள், ஹெல்த் விசிட்டர் என்னும் குழந்தைநலச் செவிலியர் குழுவினர் வளர்ச்சியைப் பார்க்க அழைப்பார்கள். அதற்குமுன் ஒரு வினாப்படிவம் வரும், பிள்ளை என்ன சொல்கிறது என்று அதில் கேட்டிருக்கும். நம்மவர் பலர் ஆங்கிலச் சொற்களை மட்டும் எண்ணி எழுதிவிட்டு, பிள்ளைக்குப் பேச்சுக் குறைவு என்று கவலையோடு திரும்பி வருகிறார்கள். தமிழ்ச் சொற்களும் கணக்கில் சேரும். இன்றே குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாளை ஒட்டி, ‘தண்ணி’, ‘தூக்கு’, ‘அம்மம்மா எங்கே’ என்று அவள் சொல்வதையெல்லாம் சொன்னபடியே எழுதி வாருங்கள். போகும்போது அதை மடித்து எடுத்துக்கொண்டு போங்கள்.