இபார் ஆற்றங்கரை மாவட்டம்: ராஷ்கா பற்றிக் கேளுங்கள்

செர்பியாவின் தென்மேற்கில் உள்ள ராஷ்கா மாவட்டத்தைப் பற்றி எழுதியதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வரைபடத்தில் ராஷ்கா என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. மாவட்டத் தலைநகர் அதுதானா?

இல்லை. தலைநகர் கிராலியெவோ. ராஷ்கா என்பது ஓர் ஆற்றின் பெயர். அந்த ஆறு இபாரில் கலக்கும் இடத்தில் உள்ள ஊருக்கும் அதே பெயர். இடைக்காலத்தில் செர்பிய அரசையே வெளிநாட்டார் ராஷ்கா என்றுதான் குறிப்பிட்டார்கள். மாவட்டத்தின் பெயர் அந்தப் பழமையிலிருந்து வந்தது.

பரப்பு சுமார் 3,900 சதுர கிலோமீட்டர். இபார் தெற்கிலிருந்து மலைகளைக் குடைந்து வந்து, கிராலியெவோவில் மேற்கு மொராவாவுடன் சேர்கிறது. கிழக்கே கோபாவோனிக் மலை. அதன் உச்சி 2,017 மீட்டர். மேற்கே காடு அடர்ந்த கோலியா. இந்த மாவட்டத்தைப் புரிந்துகொள்ள ஆற்றைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும். சாலை, ரயில் பாதை, கோட்டை, மடம் எல்லாம் அதன் கரையிலோ கிளைப் பள்ளத்தாக்குகளிலோ இருக்கின்றன.

கேள்வி: மாவட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை உண்டா?

கிடையாது. அரசு நியமிக்கும் தலைவர் ஒருவர் இருப்பார், அவ்வளவுதான். மக்கள் வாக்களிப்பது நகராட்சிகளுக்கு. கிராலியெவோ, நோவி பசார், டுட்டின், வர்ன்யாச்கா பான்யா, ராஷ்கா என அவை ஐந்து.

கேள்வி (கல்லூரி மாணவர்): செர்பியாவில் மக்கள்தொகை குறைகிறது என்கிறார்கள். இங்கும் அப்படித்தானா?

தம்பி, மொத்தக் கணக்கை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவீர்கள். 2011 கணக்கெடுப்பில் 3,09,258 பேர். 2022இல் 2,96,532 பேர். குறைந்திருப்பது உண்மைதான். ஆனால் உள்ளே பிரித்துப் பாருங்கள். கிராலியெவோ 1,25,488இலிருந்து 1,10,196க்கு இறங்கிவிட்டது. நோவி பசாரோ 1,00,410இலிருந்து 1,06,720க்கு ஏறியிருக்கிறது, டுட்டினும் ஏறியிருக்கிறது. வடக்கே பிறப்பு குறைவு, இளைஞர்கள் வெளியேறுகிறார்கள். தெற்கே குடும்பங்கள் பெரியவை. மாலையில் நோவி பசார் கடைத்தெருவில் நடந்தால் குழந்தைகள் கூட்டத்தில் வழி கிடைக்காது. கிராலியெவோ கிராமப்புறத்தில் பூட்டிய வீடுகளைக் கடந்துகொண்டே போகலாம். என்னை மிகவும் கவலைப்பட வைப்பது அந்தப் பூட்டிய வீடுகள்தான்.

கேள்வி: நோவி பசாரில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. ஆனால் செர்பிய மரபுவழிக் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய கோயில்கள் அங்கேதான் இருக்கின்றன. எப்படி?

இரண்டும் அந்த மண்ணுக்கே உரியவை என்பதுதான் என் பதில். செர்பிய அரசின் தொடக்கக் காலத் தலைமையிடமான ராஸ் இந்த ஊருக்கு அருகில்தான் இருந்தது. செர்பியாவின் மிகப் பழைய தேவாலயங்களில் ஒன்றான புனித பேதுரு கோயில் ஊரை ஒட்டிய மேட்டில் நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் உதுமானியத் தளபதி இசா-பேக் இசகோவிச் இங்கே புதிய சந்தை ஊரை எழுப்பினார். நோவி பசார் என்றாலே புதுச் சந்தைதான். இன்றைய போஸ்னியத் தலைநகரான சரயேவோவை நிறுவியவரும் அவரே. இன்று இங்கு வாழும் போஸ்னியாக் மக்களின் பள்ளிவாசல்களும் குளியல் மாளிகையும் சந்தையும் அந்த வரலாற்றின் தொடர்ச்சி. ஒன்றை விருந்தாளி என்றும் மற்றதை வீட்டுக்காரர் என்றும் பிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஒரே ஒரு மடத்தைப் பார்க்கத்தான் நேரம் இருக்கிறது. எதைப் பார்க்கலாம்?

மனம் வலிக்கும் கேள்வி. பலரும் ஸ்டுடெனிட்சாவைச் சொல்வார்கள், தவறில்லை. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் செர்பிய ஆட்சியாளர் ஸ்டெபான் நெமான்யா எழுப்பிய வெண்பளிங்குக் கோயில் அது. உள்ளே மேற்குச் சுவரில் 1209ஐ ஒட்டித் தீட்டிய சிலுவைப்பாடு. அடர் நீலப் பின்னணியில் பொன் விண்மீன்கள். நடுவே தலை சாய்ந்த கிறிஸ்து. 1986 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம்.

ஆனாலும் நான் உங்களைச் சொபோச்சானிக்குத்தான் அனுப்புவேன். ராஷ்கா ஆறு ஊற்றெடுக்கும் இடத்தருகே, 13ஆம் நூற்றாண்டில் மன்னர் முதலாம் உரோஷ் கட்டியது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாழாகி, இருநூறு ஆண்டுகளுக்கு மேல் கூரையின்றி மழையிலும் பனியிலும் கிடந்தது. 1920களில்தான் மறுபடி கூரை ஏறியது. அத்தனைக்குப் பிறகும் கன்னி மரியாளின் இறப்பைக் காட்டும் ஓவியம் சுவரில் நிற்கிறது. அருகே போய்ப் பாருங்கள்: பின்னணியில் பூசிய பொன் தாள் உதிர்ந்து அடியிலிருந்த மஞ்சள் மட்டும் மிஞ்சியிருக்கிறது. முன்னே நிற்கும் திருத்தூதர்களின் ஆடை மடிப்புகளோ இன்னும் உயிரோடு விழுகின்றன. பழைய ராஸும் சொபோச்சானியும் 1979இலேயே உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டன.

கேள்வி: ஜீச்சா மடத்தின் ஏழு வாயில்கள் கதை உண்மையா?

மரபு வழி வரும் கதை. ஒவ்வொரு மன்னருக்கு முடிசூட்டும்போதும் சுவரில் ஒரு வாயில் திறந்து, அவர் நுழைந்தபின் அடைத்துவிடுவார்களாம். கிராலியெவோவை ஒட்டி நிற்கும் அந்தச் செந்நிற மடம் 1219இல் செர்பியப் பேராயரின் இருக்கையானது என்பது வரலாறு. கரனோவாட்ஸ் என்றிருந்த ஊருக்கு 1882இல் கிராலியெவோ, அதாவது அரசனின் ஊர், என்று பெயர் மாற்றியதற்கும் இந்த முடிசூட்டு நினைவுதான் பின்னணி.

கேள்வி: அம்மாவுக்கு மூட்டு வலி. வர்ன்யாச்கா பான்யா போகலாமா?

அது செர்பியாவின் பேர்பெற்ற கனிம நீரூற்று ஊர். வெந்நீர் ஊற்று உடல் வெப்பத்தை ஒட்டி 36.5 பாகையில் வருகிறது. ஆனால் அங்கே பெயர்பெற்ற சிகிச்சை வயிற்றுக் கோளாறுகளுக்கும் நீரிழிவுக்கும். மூட்டு வலிக்கு முதலில் உங்கள் மருத்துவரைக் கேளுங்கள்.

கேள்வி: எப்போது போவது, என்ன சாப்பிடுவது?

மே மாதத் தொடக்கம். இபார் பள்ளத்தாக்கில் அப்போது லைலாக் பூத்திருக்கும். பிரான்ஸிலிருந்து வந்த அரசி எலேனாவுக்காக உரோஷ் மன்னர் நட்டுவைத்தார் என்று ஊரார் சொல்வார்கள். நோவி பசாரில் ‘மந்தியே’ என்ற பண்டத்தைக் கேளுங்கள்: கொத்திறைச்சி வைத்த சின்னச் சின்ன மாவு உருண்டைகளை வட்டத் தட்டில் நெருக்கி அடுக்கிச் சுட்டு, தயிருடன் தருவார்கள். காலையிலேயே போய்விடுங்கள், சூடு ஆறுவதற்குள் சாப்பிட வேண்டும்.