வாசகர் கேள்வி – பதில்: பிரெஞ்சுக் கைவினைச் சைக்கிள்கள்

கேள்வி: பாரிஸில் கையால் செய்யப்பட்ட பழைய சைக்கிள்களின் படங்களைப் பார்த்தேன். குழாயை வெட்டிப் பற்றவைக்கும் வேலை நம் மதுரையில் எத்தனையோ பட்டறைகளில் நடக்கிறதே, அவற்றை மட்டும் ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?
– வாசகர், திருமங்கலம்

பதில்: பற்றவைப்பு அந்த வேலையில் ஒரு பகுதிதான். பாரிஸை ஒட்டிய லெவலுவா-பெரே நகரில் பட்டறை வைத்திருந்த ரெனே எர்ஸ், அலெக்ஸ் சிங்கர் ஆகிய இருவரையும் உலகம் இன்றும் போற்றுவதற்குக் காரணம், அவர்கள் ஃபிரேமைத் தனியாகவும் மட்கார்டு, கேரியர், விளக்கு ஆகியவற்றைப் பிறகு வாங்கிப் பூட்டும் பொருள்களாகவும் பார்க்கவில்லை என்பதே. கேரியரின் கால்கள் எங்கே வந்து அமரும் என்பதை முன்பே தீர்மானித்து, அந்தந்த இடத்தில் மரையிட்ட சிறு முளைகளை ஃபிரேமிலேயே பற்றவைத்தார்கள்; அதனால் கிளாம்புகளுக்கு அங்கே வேலையில்லை. டைனமோவின் ஒயர் குழாய்க்குள்ளேயே ஓடியது. ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் ஒயர் முறுக்கிக்கொண்டு அறுந்துவிடாதபடி, எர்ஸ் கார்பன் பிரஷ் (திரும்பும் பாகத்தைத் தொட்டபடியே இருக்கும் சிறு கரித்துண்டு) வழியாக மின்சாரத்தைக் கடத்தினார். விமானத் துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். எடையையும் பலத்தையும் ஒருசேரக் கணக்கிடும் பழக்கம் அவருக்கு இருந்தது. பெடல் பொருந்தும் கிராங்க், பிரேக், ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம் ஆகியவற்றைக்கூடத் தாமே வடிவமைத்துச் செய்தார்.

இந்தத் திறமையைக் கடுமையான பரீட்சைகள் வளர்த்தன. 1934 முதல் பிரான்சில் சைக்கிள்களுக்கென்றே தொழில்நுட்பப் போட்டிகள் நடந்தன. விளக்கும் மட்கார்டும் பூட்டிய வண்டிகளைக் கரடுமுரடான மலைச்சாலைகளில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி, எது உடைந்தாலும் தளர்ந்தாலும் புள்ளியைக் குறைத்தார்கள். எடை குறைந்த வண்டிக்குப் புள்ளி கூடியது. 1938-இல் எர்ஸ் கொண்டுவந்த சைக்கிள் எல்லாச் சாதனங்களோடும் சேர்த்து 8 கிலோவுக்குள் நின்றது. 1936-இல் பிரெஞ்சுத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறை சட்டமானதும் சைக்கிளில் ஊர் சுற்றும் ஆர்வம் பெருகியது. ஆகவே, நாள் முழுவதும் சலிக்காமல் ஓட்டக்கூடிய வண்டியைக் கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. எர்ஸின் மகள் லிலியே தந்தையின் சைக்கிளில் ஓடிப் பிரான்சின் சாலைப்பந்தயச் சாம்பியன் பட்டத்தைப் பலமுறை வென்றார். செய்தவரின் வீட்டிலேயே அவ்வளவு கடுமையாக ஓட்டிப் பார்க்க ஒருவர் இருந்ததை நான் பெரிய பேறாகக் கருதுகிறேன்.

கேள்வி: அந்த வண்டிகளில் டயர் தடிமனாக இருக்கிறதே, வேகம் குறையாதா?
– வாசகர், மேலூர்

பதில்: குறைய வேண்டியதில்லை. டயரின் உறை மெல்லியதாகவும் நெகிழ்வாகவும் இருந்தால், அகலமான டயரில் காற்றைச் சற்றுக் குறைவாக வைத்துக்கொண்டாலும் வண்டி தடையின்றி உருளும். அதிர்வு உடம்பை வந்து சேராததால் களைப்பும் குறையும். நத்தம் சாலையிலோ சிறுமலை ஏற்றத்திலோ ஓட்டுகிறவர்களுக்கு இதன் அருமை உடனே விளங்கும். அவர்கள் விரும்பிப் பயன்படுத்திய 650பி சக்கரத்தின் ரிம் அளவு 584 மில்லிமீட்டர். இன்று நம் கடைகளில் 27.5 அங்குலம் என்று விற்கப்படும் மலைச்சைக்கிள் ரிம்மும் அதே அளவுதான்.

கேள்வி: மதுரையிலேயே ஒரு பட்டறையில் சொல்லி அப்படியொரு சைக்கிளைச் செய்துகொள்ள முடியுமா?
– வாசகர், சோழவந்தான்

பதில்: கைத்திறன் இங்கே உண்டு, பொருளும் அளவும்தான் சிக்கல். அவர்கள் விரும்பிய ரெனால்ட்ஸ் 531 போன்ற எஃகுக் குழாய்களின் சுவர் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானது; நடுவில் மெலிந்து, இணைப்பு வரும் முனைகளில் மட்டும் தடித்திருக்கும். கட்டில், கேட் செய்யும் குழாய்க்குப் பழகியவர் அதே சூட்டை இதில் காட்டினால் குழாய் பலமிழந்துவிடும். இந்தக் குழாய்களைப் பித்தளையை உருக்கி ஒட்டும்போது, அது இணைப்புக்குள் முழுவதும் பாய்ந்த நொடியிலேயே தீச்சுடரை விலக்கத் தெரிந்திருக்க வேண்டும். முன்பக்கம் பை வைத்து ஓட்டுவதற்கென அவர்கள் முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கைக் கூடுதலாக வளைத்ததும், அதன் தண்டு நுழையும் ஹெட் டியூபின் சாய்வோடு சேர்ந்த கணக்கு. அதை மட்டும் தனியே எடுத்துச் செய்தால் ஹேண்டில்பார் சொன்னபடி கேட்காது. ஆகையால் முழு ஃபிரேமுக்கு இப்போதே இறங்க வேண்டாம். உங்களிடம் உள்ள சைக்கிளின் முன்சக்கரத்துக்கு மெல்லிய எஃகுக் குழாயில் ஒரு கேரியரை, கிளாம்ப் இல்லாமல் மட்கார்டையும் தாங்கும்படி, பித்தளைப் பற்றில் செய்து தரச் சொல்லுங்கள். அதில் பைச்சுமையை வைத்து அழகர்கோவில் வரை ஓட்டிவிட்டு வந்து, ஒவ்வோர் இணைப்பையும் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது தாங்கினால், அதே கைகளிடம் ஃபிரேமைப் பற்றிப் பேசலாம்.