வாசகர் கேள்விகள்: டி.சி.எஸ். வெளிநாட்டு வேலைக்குப் போன கதை

கேள்வி: டி.சி.எஸ். நிறுவனம் வெளிநாட்டு வேலைகளுக்காகவே தொடங்கப்பட்டது என்று எங்கள் வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: இல்லை. 1968-இல் டாட்டா சன்ஸின் ஒரு பிரிவாக பம்பாயில் அது தொடங்கியபோது, டாட்டா குழும நிறுவனங்களின் கணக்கு வேலைகளைக் கணினியில் செய்துகொடுப்பதே நோக்கமாக இருந்தது. டாட்டா இரும்பாலைக்கான துளை அட்டை (அக்காலக் கணினிக்குத் தகவலை ஊட்டிய, துளையிட்ட அட்டை) வேலையும், சென்ட்ரல் பாங்க் ஆஃப் இந்தியாவின் கிளைகளுக்கிடையிலான கணக்குகளை ஒப்பிட்டுச் சரிபார்க்கும் வேலையும் அந்தக் காலத்தவை. 1969-இல் பொறுப்பேற்ற எஃப்.சி. கோலியும் கணினித் துறையிலிருந்து வந்தவர் அல்லர். டாட்டா மின்சார நிறுவனத்துப் பொறியாளர்.

வெளிநாட்டின் பக்கம் அவர்களைத் திருப்பியது டாலர் பஞ்சம். கணினியை இறக்குமதி செய்ய உரிமம் வேண்டும்; மென்பொருளை ஏற்றுமதி செய்து அந்நியச் செலாவணி ஈட்டித் தர ஒப்புக்கொண்டவர்களுக்கே அது எளிதில் கிடைக்கும் என்ற நிலையில், 1974-இல் அமெரிக்கக் கணினி நிறுவனமான பரோஸுடன் உடன்பாடு ஏற்பட்டது. அந்நிறுவனத்தின் ஒரு வகைக் கணினிக்காக எழுதிய நிரல்களை இன்னொரு வகையில் ஓடும்படி மாற்றித் தருவது போன்ற, பெருமை பேச முடியாத வேலைகளில்தான் ஏற்றுமதி ஆரம்பமானது. ஆனால் பிறர் எழுதிய நிரலை வரிவரியாகப் படித்துப் புரிந்துகொள்ளும் பயிற்சி அங்கேதான் வாய்த்தது என்பது என் கருத்து.

வட ஆர்க்காட்டுக்காரர்களுக்கு இந்த நெருக்கடி புதிதாக இராது. 1973 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்து, முழுதும் பதனிட்ட தோலாகவும் காலணியாகவும் அனுப்பிக் கூடுதல் டாலர் கொண்டுவரும்படி ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆலைகளைத் தள்ளியதும் அதே செலாவணிக் கவலைதான்.

கேள்வி: அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐ.பி.எம். இந்தியாவிலிருந்து வெளியேறியதால்தானே நம் நிறுவனங்கள் வளர்ந்தன?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், குடியாத்தம்

பதில்: ஓரளவுக்கு மட்டுமே. வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்கச் சொன்ன 1973-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உடன்படாமல் ஐ.பி.எம். 1978-இல் வெளியேறியபோது, பரோஸ் உடன்பாட்டுக்கு ஏற்கெனவே நான்கு வயதாகியிருந்தது. டி.சி.எஸ்.ஸைப் பொறுத்தவரை, 1977-இல் டாட்டாவும் பரோஸும் சேர்ந்து தனியாக ஒரு நிறுவனத்தைத் தொடங்கியதே பெரிய அதிர்ச்சி. பரோஸின் நிழலில் கிடைத்துவந்த வேலை அந்தப் புதிய நிறுவனத்துக்குக் கைமாறிப் போகவே, வாடிக்கையாளர்களைத் தாமே தேடி 1979-இல் நியூயார்க்கில் அலுவலகம் திறந்தார்கள்.